மனசு எங்கேயும் போகக் கூடாது

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இந்தத் தலைப்பில் பேசப் போகிறேன் என்று சொன்னதும் கூட்டம் ஏற்பாடு செய்த தம்பிகள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டாங்க. "அக்கா, நிலம், கூலி, இடஒதுக்கீடு, வன்கொடுமைன்னு பேசுற மேடை இது. துணி அவுத்து ஆடுற பொம்பளைங்களைப் பத்தி இங்க எதுக்கு?" என்று ஒரு தம்பி கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் 'பொம்பளைங்க' என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அந்தக் குரல் இறக்கத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

எங்க அத்தை கரகம் ஆடினவங்க. கரகத்துக்குக் கூப்பிடுறது குறைஞ்சு போன காலத்தில் 'ரெக்கார்டு டான்ஸ்' மேடைக்கும் போனாங்க. ஊர்த் திருவிழா, விடிய விடிய ஆட்டம். குடிச்சிட்டு மேடையேறி வர்றவன் ரூபாய் நோட்டை ஊக்கில் கோத்து நெஞ்சில் குத்த வருவான். சிரிச்சுக்கிட்டே வாங்கணும். முகம் சுளிச்சா அடுத்த வருசம் அந்த ஊரில் கூப்பிட மாட்டாங்க. நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில், நாலு புத்தகம் படிச்ச திமிரில், அத்தையைக் கேட்டேன்: "அந்த நேரத்தில மனசை எங்க வெச்சுக்குவீங்க?" 'வேற எங்கேயோ அனுப்பிடுவேன், உடம்பு மட்டும் ஆடும்' என்ற மாதிரி ஒரு பதிலைத்தான் எதிர்பார்த்தேன். அப்படிச் சொன்னால் கட்டுரையில் எழுதலாம் பாருங்க.

அத்தை சொன்னாங்க: "மனசு எங்கேயும் போகக் கூடாதுடி. போச்சுன்னா தலையில இருக்கிற கரகமும் விழும், ஊக்கும் சதையில ஏறும்."

அந்த ஒரு வரிக்கு விளக்கவுரைதான் இந்தப் பேச்சு. ஆனால் அத்தையிடமிருந்து நேரடியாகத் தொடங்காமல், கொஞ்சம் தொலைவில் அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன். காரணம், அங்கே இந்தத் தொழில் செய்கிற பெண்கள் தங்கள் மனசைப் பற்றித் தாங்களே பேசியிருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள், சங்கம் வைத்திருக்கிறார்கள். நம்ம பக்கத்தில் அவங்களைப் பற்றி மற்றவங்கதான் பேசியிருக்கோம்.

*

அங்கே இந்தத் தொழிலுக்குப் பெயர் 'எக்சாட்டிக் டான்ஸ்'. அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்க. கிரேக்க மொழியில் 'எக்ஸோ' என்றால் வெளியே. எக்சாட்டிக் என்றால் வெளியிலிருந்து வந்தது, அயலானது. ஆடுகிறவள் அடுத்த தெருவில் பிறந்தவளாக இருக்கலாம். இருந்தாலும் அவளுக்கு 'வெளியாள்' என்று பெயர். ஊருக்கு வெளியே சேரி என்ற ஏற்பாட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தச் சொல்லை யாரும் மொழிபெயர்த்துத் தர வேண்டியதில்லை. வெளியே நிறுத்தி வைக்கப்பட்ட உடம்பைப் பார்க்க உள்ளே இருப்பவன் காசு கொடுக்கிறான். தொட்டால் தீட்டு, பார்த்தால் இன்பம். இந்தக் கணக்கு இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு.

இந்தப் பார்வையின் கொடூரமான தொடக்கங்களில் ஒன்று சாரா பார்ட்மன். தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனப் பெண். 1810இல் லண்டனுக்குக் கொண்டுபோய் 'ஹாட்டன்டாட் வீனஸ்' என்று பெயர் சூட்டிக் காட்சிப் பொருளாக நிறுத்தினார்கள். பாரிசில் 1815இல் இறந்தார். இறந்த பிறகும் விடவில்லை. அறிவியல் என்ற பெயரில் உடலை அறுத்து, எலும்புக்கூட்டையும் உடலின் அச்சு வார்ப்பையும் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 1970கள் வரை அந்தக் காட்சி இருந்தது. 2002இல்தான் சொந்த மண்ணுக்குத் திரும்பி அடக்கமானார். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதற்கு அவள் கைப்பட எழுதிய ஒரு வரியும் நமக்குக் கிடையாது. பார்த்தவர்கள் எழுதியது மட்டும் ஏராளமாகக் கிடைக்கிறது.

ஒரு நூற்றாண்டு கழித்து அதே பாரிசில் இன்னொரு கறுப்புப் பெண் மேடையேறினார். ஜோசஃபின் பேக்கர். 1906இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் பிறந்தவர். 1917இல் பக்கத்து ஈஸ்ட் செயின்ட் லூயியில் வெள்ளையர் கும்பல் கறுப்பர் குடியிருப்புகளைக் கொளுத்திய காலத்தில் பதினொரு வயதுச் சிறுமி. 1925இல் பாரிசில் ஆடத் தொடங்கினார். 1926இல் ஃபோலி பெர்ஷேர் அரங்கில் இடுப்பைச் சுற்றி வாழைப்பழங்களைத் தொங்கவிட்டு ஆடிய ஆட்டம் அவரை உலகப் புகழ் ஆக்கியது. 'காட்டுப் பெண்' என்ற வெள்ளைக் கற்பனையை அப்படியே உடுத்திக்கொண்டு நின்றார். ஆனால் ஆடும்போதே திடீரென்று மாறுகண் போடுவார், கன்னத்தை உப்புவார், கோமாளி மாதிரி முழங்காலை முட்டிக்கொள்வார். மோகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பவன் அந்த நிமிசத்தில் தன் பார்வையையே பார்த்து விழிக்க வேண்டும். 'நீ என்னைப் பார்க்கிறாய், நீ பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்பதுதான் அந்த மாறுகண் என்று நான் வாசிக்கிறேன். பிறகு இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்கு உளவு வேலை செய்தார். 1950களில் அமெரிக்கா போனபோது கறுப்பரைத் தனியே உட்கார வைக்கும் அரங்குகளில் ஆட மறுத்தார். 1963 வாஷிங்டன் பேரணி மேடையில் ராணுவச் சீருடையோடு பேசினார். 2021இல் பிரான்சின் பாந்தியன் நினைவாலயத்தில் அவருக்கு இடம் தந்தார்கள். வாழைப்பழப் பாவாடையில் ஆடியவரும் பேரணியில் பேசியவரும் ஒரே ஆள். முதலில் இருந்தவளுக்கு மனசு இல்லை, பிறகுதான் வந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

*

இப்போது தொழிலுக்கு வருவோம். அமெரிக்காவில் பெரும்பாலான கிளப்புகளில் ஆடும் பெண்ணுக்குச் சம்பளம் கிடையாது. அவளே கிளப்புக்குப் பணம் கட்டித்தான் உள்ளே போக வேண்டும். 'மேடை வாடகை' என்று பெயர். நம்ம ஊரில் வாடகை ஆட்டோ ஓட்டுகிற தோழர் காலையில் வண்டியை எடுக்கும்போதே கடனோடு எடுக்கிறார் இல்லையா, அதே கதை. இரவு முடியும்போது பாட்டுப் போடுகிறவர், வாசல் காவலர் என்று இன்னும் பல பேருக்குப் பங்கு கொடுக்க வேண்டும். கிளப்பின் கணக்கில் அவள் தொழிலாளி கிடையாது, 'சுயேச்சை ஒப்பந்தக்காரர்'. நேரம் குறிப்பது முதலாளி, விலை குறிப்பது முதலாளி, உடை குறிப்பது முதலாளி. நட்டம் மட்டும் சுயேச்சை.

மேடையில் ஆடுவது விளம்பரம் மாதிரிதான். வருமானத்தில் பெரும்பகுதி கீழே இறங்கி, மேசை மேசையாகப் போய்ப் பேசி, தனி ஆட்டத்துக்கு ஆள் பிடிப்பதில் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு பாட்டு மூன்று நிமிசம். பேசினது நாலு பாட்டா அஞ்சு பாட்டா என்று குடித்தவன் தகராறு செய்வான். அவள்தான் எண்ணிக்கொண்டு இருக்க வேண்டும். ஆறு அங்குலம், எட்டு அங்குலக் குதிகால் செருப்பில் கம்பம் ஏறி இறங்க வேண்டும். கை வேர்த்தால் வழுக்கும். ஒருவனோடு சிரிக்கும்போதே அவன் கை எங்கே போகிறது, காவலாள் எங்கே நிற்கிறான், அடுத்த மேசையில் இருப்பவன் பணம் உள்ளவனா வெறும் பேச்சு ஆளா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் வேண்டாம் என்பான். அந்த ஒன்பது 'வேண்டாம்'களையும் முகத்தில் சுமந்துகொண்டு பத்தாவது மேசைக்குப் போனால் அவனும் வேண்டாம் என்பான்.

ஆக, இதைச் செய்கிற பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற முதல் பாடமே, இருக்கிற இடத்தில் மனசு இருக்கட்டும் என்பதுதான். குடிக்காதே, குடித்தால் கணக்கு போகும். பாட்டின் தாளத்தைவிட மெதுவாக ஆடு, மூச்சு தெரியட்டும், பாதம் தரையில் படுவது தெரியட்டும். எதிரில் இருப்பவன் கண்ணைப் பார், அவன் சொல்வதைக் காதில் வாங்கு. வேலைக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொள், வேலை முடிந்து ஒப்பனையைக் கழுவும்போது அந்தப் பெயரையும் கழுவிவிடு. இதை வெறும் வியாபார நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். மனசு விலகிப் போன பெண்ணின் சிரிப்பு வாடிக்கையாளனுக்கும் தெரிந்துவிடும், வருமானம் குறையும். அது சின்ன நட்டம். பெரிய நட்டம் வேறு. ஒவ்வொரு இரவும் மனசை அனுப்பிப் பழகினவளுக்கு வீட்டில் பிள்ளை பேசும்போது அதைத் திரும்பக் கூப்பிட முடியாமல் போகும். அனுப்பத் தெரிந்த மனசு தானாகத் திரும்பி வருவதில்லை.

ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் ஒரு நூல் எழுதினார். 'உணர்ச்சி உழைப்பு' என்ற கருத்து அதிலிருந்துதான் பரவியது. கை கால் உழைப்பை விற்கிற மாதிரி, சிரிப்பையும் கனிவையும் கூலிக்கு விற்கிறோம். உதட்டில் மட்டும் சிரிப்பது ஒரு வகை, உள்ளேயிருந்தே சிரிப்பை வரவழைப்பது இன்னொரு வகை என்று பிரித்துக் காட்டினார். இரண்டுக்கும் விலை உண்டு. முதலில் சொன்னதில் நாம் போலி என்ற உறுத்தல். இரண்டாவதில் எது நம் சிரிப்பு, எது கம்பெனிச் சிரிப்பு என்றே தெரியாமல் போகிற ஆபத்து. துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி 'வாங்க மேடம்' சொல்கிற நம் தங்கைகளுக்கு இது புதிதில்லை. ஆடும் பெண்ணின் வேலை இந்த வரிசையில்தான் இருக்கிறது. வேறு உலகத்தில் இல்லை.

*

இங்கே ஒரு எச்சரிக்கை. 'மனசை ஒருமுகப்படுத்து, வெற்றி உன் கையில்' என்று சொல்கிற புத்தகங்கள் இன்றைக்கு எல்லா ரயில் நிலையத்திலும் விற்கின்றன. அந்த வியாபாரத்துக்கு நான் வரவில்லை. மனசு இருக்கிற இடத்தில் இருப்பதற்குத் தனி ஆளின் திறமை மட்டும் போதாது. அதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும். ஓய்வு வேண்டும். காவல் வேண்டும். தன்னை யார் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் 'மனசை இங்கேயே வை' என்று சொல்வது கல்நெஞ்சத்தனம்.

சான் பிரான்சிஸ்கோ நகரில் 'லஸ்டி லேடி' என்று ஓர் ஆட்டக்கூடம் இருந்தது. நடுவில் கண்ணாடி பதித்த மேடை, சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள். ஆண் உள்ளே போய்க் காசு போட்டால் சன்னல் திறக்கும். ஆடும் பெண்களுக்கு இங்கே மணிக்கூலி. சில சன்னல்களில் ஒருவழிக் கண்ணாடி. அவன் அவளைப் பார்க்கலாம், அவளுக்குத் தன் முகம்தான் தெரியும். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சிலர் திருட்டுத்தனமாகப் படம் எடுத்தார்கள். ஜோசஃபின் பேக்கரின் மாறுகண் இங்கே செல்லாது. எதிரில் யார் என்று தெரிந்தால்தானே அவன் பார்வையைத் திருப்பி அனுப்ப முடியும்? தன் படம் எங்கே போகும், தன் தம்பி கையில் போகுமா என்ற பயத்தோடு ஆடுகிறவளின் மனசு எங்கே நிற்கும்?

பெண்கள் முறையிட்டார்கள். ஒருவழிக் கண்ணாடியை எடுக்கச் சொன்னார்கள். சங்கம் வைக்கிற வேலை தொடங்கிய பிறகுதான் கண்ணாடி கழன்றது. 1996இல் வாக்கெடுப்பு நடந்தது. சங்கம் வேண்டும் என்று 57 ஓட்டு, வேண்டாம் என்று 15. சேவைத் தொழிலாளர்களின் பெரிய சங்கத்தின் கிளையாகச் சேர்ந்தார்கள். 1997இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. கூலி உயர்வு, நோய்க்கால விடுப்பு, நினைத்தபடி வேலையை விட்டு நீக்க முடியாத பாதுகாப்பு. இந்தப் போராட்டத்தைப் பற்றி 2000இல் ஓர் ஆவணப்படமும் வந்தது. ஆடிய பெண்களில் ஒருவரே அதை இயக்கியவர்களில் ஒருவர். 2003இல் முதலாளி கைவிட்டபோது தொழிலாளிகளே கூட்டுறவாக அதை வாங்கி நடத்தினார்கள். வாடகைச் சிக்கலில் 2013இல் மூடப்பட்டது. பத்து வருசம் முதலாளி இல்லாமல் நடந்தது என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் நம் இயக்கத்துக்கு முக்கியமான பக்கம் இன்னொன்று. அந்தக் கூடத்தில் கறுப்புப் பெண்களுக்கு வேலை நேரம் குறைவாகத் தரப்பட்டது. கூடுதல் வருமானம் வரும் தனி அறையில் அவர்களைப் போடுவது அரிது. வாடிக்கையாளர்கள் விரும்பமாட்டார்கள் என்று அதற்குக் காரணம். அங்கே ஆடிக்கொண்டிருந்த ஷவான் புரூக்ஸ் என்ற கறுப்புப் பெண் இன ஒதுக்கல் என்று அரசுத் துறையிடம் புகார் கொடுத்தார். பிறகு அவர் சமூகவியல் படித்து, ஆட்டக் கிளப்புகளில் இனம் எப்படி விலையாக மாறுகிறது என்று 2010இல் ஒரு நூலே எழுதினார். கிளப்பில் ஒரு பெண்ணின் உடம்புக்கு என்ன விலை, எந்த இடத்தில் நிற்க அனுமதி, எவ்வளவு பாதுகாப்பு என்பதெல்லாம் அவள் நிறத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் அதன் சாரம்.

இதை யோசியுங்க தோழர்களே. வெள்ளைப் பெண்ணும் கறுப்புப் பெண்ணும் ஒரே மேடையில், ஒரே பாட்டுக்கு, ஒரே கவனத்தோடு ஆடுகிறார்கள். ஒருத்தியின் கவனம் வருமானமாக மாறுகிறது. மற்றவளுடையது மாறுவதில்லை. அப்புறம் அவளிடம் போய் 'உனக்கு ஈடுபாடு போதவில்லை' என்று சொன்னால் என்ன அர்த்தம்? நம் பிள்ளைகளிடம் 'தகுதி, திறமை' என்று பேசுகிறார்களே, அதே பேச்சுத்தான். வகுப்பில் மனசு இல்லை என்கிறார்கள். வகுப்பில் அவன் மனசு தங்க நீ என்ன இடம் வைத்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

அங்கே போராட்டம் நின்றுவிடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 'ஸ்டார் கார்டன்' என்ற கிளப்பின் பெண்கள் பாதுகாப்பு இல்லை என்று 2022இல் வாசலில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். 2023இல் நாடக நடிகர்களின் சங்கத்தில் சேர வாக்கெடுப்பு. ஆதரவு 17, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. 2024இல் வாஷிங்டன் மாநிலம் ஆடும் பெண்களின் உரிமைக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆபத்து என்றால் அழுத்த ஒரு பொத்தான், பயிற்சி பெற்ற காவலாள், மேடை வாடகைக்கு உச்சவரம்பு. இதெல்லாம் சட்டமாகவே எழுதப்பட்டது. என்னைக் கேட்டால், கையெட்டும் தூரத்தில் ஒரு பொத்தான் இருப்பது நூறு தியானத்துக்குச் சமம்.

*

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம்.

மும்பையின் டான்ஸ் பார்களில் பெண்கள் துணி அவிழ்ப்பதில்லை. சேலையோ காக்ராவோ கட்டிச் சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். பார்ப்பவர்கள் நோட்டுகளை வாரி இறைத்தார்கள். முதலாளிக்கும் அதில் பங்கு. ஆடிய பெண்களில் கணிசமானவர்கள் பேடியா, நட், கஞ்சர் போன்ற சமூகங்களிலிருந்து வந்தவர்கள். வெள்ளைக்காரன் 'குற்றப் பரம்பரை' என்று முத்திரை குத்திய சமூகங்கள் இவை. ஆட்டமும் பாட்டும்தான் உனக்கு விதித்த தொழில் என்று சாதி சொல்லியிருந்த சமூகங்கள்.

2005இல் மகாராஷ்டிர அரசு இந்த ஆட்டத்தைத் தடை செய்தது. 75,000 பெண்கள் வேலை இழந்தார்கள் என்று அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது. அதே சட்டம் நட்சத்திர ஓட்டல்களுக்கு விலக்கு அளித்தது. அதே ஆட்டம் அங்கே கலை, இங்கே ஆபாசம். 2006இல் மும்பை உயர் நீதிமன்றம் தடையைச் செல்லாது என்றது. 2013இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பணக்காரன் பார்த்தால் ஒழுக்கம் கெடாது, ஏழை பார்த்தால் கெடும் என்ற இந்தக் கணக்கு அங்கே அடிபட்டது. அரசு விடவில்லை. 2014இல் திருத்தம், 2016இல் புதுச் சட்டம். அந்தச் சட்டத்தில் இருந்த ஒரு நிபந்தனை, ஆடும் இடத்தில் கண்காணிப்புக் காமிரா வைக்க வேண்டும் என்பது. சான் பிரான்சிஸ்கோவில் முதலாளி வைத்த ஒருவழிக் கண்ணாடியை இங்கே அரசாங்கமே வைக்கப் பார்த்தது! 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. நோட்டு இறைப்பது கூடாது, ஆனால் அன்பளிப்பு வாங்கலாம் என்றது.

இந்த இடத்தில் நம் இயக்க வரலாற்றிலிருந்து ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியவள் ஆகமாட்டேன். 1936 சூன் 16ஆம் நாள் பம்பாய் பரேலில் தாமோதர் மண்டபத்தில் அம்பேத்கர் பேசினார். காமாட்டிபுராவின் பெண்கள் உள்ளிட்டோர் கூடியிருந்தார்கள். அந்த வாழ்க்கையை விட்டு வெளியே வாருங்கள், மற்ற பெண்களைப் போல மானத்தோடு வாழுங்கள் என்றார். பட்டே பாபுராவ் என்ற புகழ்பெற்ற தமாஷா கலைஞர், பார்ப்பனர், மகார் பெண்ணான பவளாபாயோடு சேர்ந்து ஆட்டம் நடத்திச் சம்பாதித்த பணத்தை இயக்கத்துக்கு நன்கொடையாகக் கொடுக்க வந்தபோது அம்பேத்கர் மறுத்துவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. ஏன் மறுத்தார்? நம் பெண்களின் உடம்பை ஆட வைத்து வரும் காசில் நம் விடுதலை வரவேண்டாம் என்ற கோபம் அது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. சாதி விதித்த ஆட்டத்தை விடு என்று சொல்வதும், செத்த மாட்டைத் தூக்காதே என்று சொல்வதும் ஒரே போராட்டத்தின் பகுதிகள். அதில் நான் ஒரு எழுத்தும் மாற்றமாட்டேன்.

ஆனால் கேள்வி மிச்சமிருக்கிறது. விடாமல் ஆடிக்கொண்டிருப்பவளை நாம் எப்படி நடத்துவது? மாடு தூக்கியவரை நாம் ஒருபோதும் இழிவாகப் பேசியதில்லை. அவரைத் தூக்க வைத்தவனைத்தான் பேசினோம். ஆடினவள் விசயத்தில் மட்டும் ஏன் அவளையே பேசுகிறோம்?

தமாஷாவில் விட்டாபாய் நாராயண்காவ்கர் என்ற பெரும் கலைஞர் இருந்தார். மாங் சமூகம். 1935இல் பிறந்து 2002இல் இறந்தார். குடியரசுத் தலைவர் விருது பெற்றவர். நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடிக்கொண்டிருந்தபோது வலி வந்தது, மேடைக்குப் பின்னால் போய்ப் பிள்ளை பெற்று, கல்லால் கொடியறுத்து, மறுபடி ஆட வந்தார் என்று அவரைப் பற்றி ஊரெல்லாம் சொல்வார்கள். கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது 'என்ன அர்ப்பணிப்பு!' என்று கண் கலங்குகிறார்கள். எனக்குக் கண் கலங்கவில்லை, கோபம் வருகிறது. நிறைமாதத்தில் ஆடாமல் இருக்க அவருக்கு ஒரு மாதச் சம்பளம் யார் கொடுத்தார்கள்? பேறுகால விடுப்பு இல்லாத இடத்துக்கு அர்ப்பணிப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

*

முடிக்கிறேன். முடிக்கும் முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இது என் குற்றம்.

எங்க அத்தை இறந்தபோது படத்திறப்பு வைத்தோம். இயக்கத் தோழர்கள் வந்தார்கள். துண்டறிக்கை எழுதியது நான். அதில் 'விவசாயக் கூலித் தொழிலாளியாக உழைத்து வாழ்ந்தவர்' என்று எழுதினேன். பொய்யில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவங்கதான். ஆனால் முப்பது வருசம் ஆடினாங்க. அந்தக் காசில்தான் என் கல்லூரிப் பணம் கட்டப்பட்டது. அதை எழுதவில்லை. எழுதினால் தோழர்கள் என்ன நினைப்பார்களோ என்று எழுதவில்லை. அந்தக் கூட்டத்தில் அத்தையோடு ஆடிய இரண்டு பெண்கள் பின்னால், பந்தல் கால் பக்கத்தில் நின்றார்கள். முன்னால் வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

முப்பது வருசம் ஆயிரம் குடிகாரர்கள் எதிரில் மனசை ஒரு நிமிசமும் வெளியே விடாமல் நின்றவள். அவளுக்கு அஞ்சலி செலுத்திய அரைமணி நேரத்தில் என் மனசுதான் அங்கே இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று ஊருக்குள் போய்விட்டிருந்தது.

அதனால் உங்களிடம் பெரிய தீர்மானம் எதுவும் கேட்கவில்லை. மூன்று சின்ன காரியம். ஒன்று, உங்கள் பகுதியில் கரகம், ஆடல் பாடல், ரெக்கார்டு டான்ஸ் என்று மேடையில் ஆடுகிற பெண்கள் இருப்பார்கள். அவங்களைச் சீர்திருத்தப் போகாதீங்க. போய் உட்கார்ந்து கேளுங்க: கூலி எவ்வளவு, தரகருக்கு எவ்வளவு, விடிந்த பிறகு ஊருக்குத் திரும்ப வண்டி உண்டா, துணி மாற்ற மறைவான இடம் உண்டா? இரண்டு, மேடையில் கை வைப்பவன் மேல் புகார் கொடுக்க அவள் வந்தால் 'ஆடப் போனவள்தானே' என்று காவல் நிலையத்தில் சொல்வார்கள். அப்போது கூடப் போய் நில்லுங்க. அவள் பட்டியல் சாதிப் பெண் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, மேடைக்கும் பொருந்தும். மேடையேறியதால் யாரும் அந்தச் சட்டத்திலிருந்து வெளியே போய்விடுவதில்லை. மூன்று, அவங்க பிள்ளைகள் வேறு வேலைக்குப் போக வேண்டும் என்றுதான் அவங்களும் ஆடுறாங்க. அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு நில்லுங்க. ஆட்டத்தை விட வைக்கும் வழி அதுதான், பிரசங்கம் இல்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கும் பதில் சொல்லியாச்சு என்று நினைக்கிறேன். நிலத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும்தான் இவ்வளவு நேரம் பேசினேன் தம்பி. அவளுக்கு நிலம், அந்த நாலு பலகை மேடை.

அத்தையின் படம் எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. மாலை போட்ட படத்தை எடுத்துவிட்டேன். இப்போது இருப்பது கரகத்தோடு எடுத்த படம். வருகிறவர்கள் யார் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன்.